மருந்து அடித்த வயலில்தான் புகையான் ஏன் அதிகம் வருகிறது?

சம்பா நெல் தொண்டைக் கதிருக்கு, அதாவது கதிர் வெளியே தள்ளுவதற்குச் சற்று முந்தைய நிலைக்கு, வந்திருக்கும் நேரம். நேற்று வரை பச்சையாக இருந்த வயலின் நடுவில் ஒரு வட்டம், பாய் விரித்த அளவுக்கு, மஞ்சளாகத் தெரியும். நாலைந்து நாளில் அது களத்துமேடு அளவுக்குப் பரந்து, பழுப்பாகி, தீயில் கருகிப் புகைந்ததுபோல் ஆகிவிடும். கிட்டப் போய்த் தூரை விரித்துப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றி, நெல்மணியைவிடச் சின்னதாகப் பழுப்புப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும். டெல்டாவில் இதைப் பார்க்காமல் வளர்ந்த விவசாயி வீட்டுப் பிள்ளை இருக்க முடியாது. அதுதான் புகையான்.

எங்கள் வயலில் அது வந்த வருடம் அப்பா மூன்று முறை மருந்து அடித்திருந்தார். நட்ட இருபதாம் நாளே இலைச்சுருட்டுப் புழுவுக்காக முதல் மருந்து. கடையில் சொன்னார்கள், வாங்கி அடித்தார். அடுத்த வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வயல். அந்த வருடம் அக்கா கல்யாணத்தில் இருந்ததெல்லாம் கரைந்துவிட்டதால் அவர் ஒரு முறைகூட அடிக்கவில்லை. அவர் வயலிலும் புகையான் இருந்தது, ஒரு மூலையில் கொஞ்சம் மஞ்சள் தட்டியது, ஆனால் வட்டம் வட்டமாகக் கருகியது எங்கள் வயல்தான். “நான் ஒண்ணும் பண்ணலடா தம்பி, கையில காசு இல்ல, அவ்வளவுதான்” என்றார். ஒரு வருடத்தில் ஒரு வயலைப் பார்த்துவிட்டு எதையும் முடிவு கட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதே கேள்வியைப் பிலிப்பைன்ஸிலும் ஜாவாவிலும் பல ஆண்டுகள் வயலில் இறங்கி எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் படித்த பிறகுதான், சூழல் சமநிலை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த சொல்லுக்கு எனக்கு முதல்முறையாக அர்த்தம் விளங்கியது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெண் புகையான் தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கணக்குக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையிலும் வயலில் புகையானின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் அதே அளவில் இருக்க வேண்டுமென்றால், இந்த 200-இல் எத்தனை பிழைக்க வேண்டும்? இரண்டு. ஒரு ஆண், ஒரு பெண். மீதி 198 செத்தாக வேண்டும், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. வயல் அமைதியாக, பச்சையாக, எதுவும் நடக்காததுபோல் தெரிகிற நாட்களில் அங்கே நடப்பது இந்த அளவு சாவு. சரி, 99-க்குப் பதிலாக 95 விழுக்காடுதான் சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்பதற்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் இப்போது பிழைப்பது பத்து. ஒரு தலைமுறைக்கு ஐந்து மடங்கு. ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒரு தலைமுறை என்பதால் ஒரு பயிர்க்காலத்தில் மூன்று தலைமுறை வந்துவிடும், ஐந்தை மூன்று முறை பெருக்கினால் 125 மடங்கு. பச்சை வயலுக்கும் கருகிய வயலுக்கும் நடுவில் இருப்பது அந்த நாலு விழுக்காடுதான்.

அப்படியானால் அந்த 198-ஐயும் கொல்வது யார்?

ஒரே ஆள் இல்லை. புகையான் இலையுறைக்கு உள்ளே, தாவரத் திசுவைக் கிழித்து முட்டையைச் செருகி வைக்கிறது. அந்த முட்டையைத் தேடி வருவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவி, புகையான் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். அதே முட்டைகளைக் குத்தி உறிஞ்சுவது பச்சை நிற மிரிட் நாவாய்ப்பூச்சி. தப்பிப் பொரித்து வெளிவரும் குஞ்சுகள் தண்டில் இறங்கும்போது தவறித் தண்ணீரில் விழுந்தால், நீர்ப்பரப்பின் மேல் ஓடித் திரியும் ஒரு சிறு நாவாய்ப்பூச்சிக் கூட்டம் நாலா பக்கமும் வந்து சூழ்ந்துகொள்ளும். விழாதவற்றுக்கு ஓநாய்ச் சிலந்தி. இது வலை பின்னிக் காத்திருக்கும் சிலந்தி இல்லை, தூருக்குத் தூர் ஓடி வேட்டையாடுவது, ஒரு நாளைக்கு 5 முதல் 15 இரை வரை தின்னக்கூடியது. இறக்கை முளைத்துப் பறக்கப் பார்ப்பவற்றுக்குத் தட்டான், ஊசித்தட்டான், வலைச்சிலந்தி. அப்புறம் பொறிவண்டு, தவளை, கரிச்சான். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக 99 விழுக்காட்டைக் கொண்டுவர முடியாது. முட்டையில் பாதி, மீதியில் குஞ்சாக இருக்கும்போது பாதி, அதில் மீதி வளர்ந்த பிறகு என்று ஒருவர் விட்டதை அடுத்தவர் பிடிக்கிறார். ஒருவர் ஒரு வருடம் குறைந்தால் இன்னொருவர் கொஞ்சம் ஈடுகட்டுவார். எல்லாரும் ஒரே நாளில் போய்விட்டால் ஈடுகட்ட ஆளே இல்லை.

மருந்து அடிக்கும் நாளில் நடப்பது இதுதான். குளவி, சிலந்தி, நாவாய்ப்பூச்சி எல்லாம் வெளியில் திரிவன, அலைந்து திரிவதுதான் அவற்றின் பிழைப்பு, அதனால் மருந்து முதலில் படுவது அவற்றின் மேல். புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அது ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும்போது வெளியே எதிரி இல்லாத வயல் காத்திருக்கிறது. சிலந்தி ஒரு தலைமுறை வளர புகையானைவிட அதிக நாள் வேண்டும். அது திரும்பி வந்து சேர்வதற்குள் புகையான் இரண்டு தலைமுறை ஓடிவிடும். 1970-களின் கடைசியில் பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியலாளர் மருந்து அடித்த பாத்திகளையும் அடிக்காத பாத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்து நிறுவியது இதைத்தான். அடித்த பாத்திகளில் புகையான் பல மடங்கு பெருகியது, அடிக்காதவற்றில் சிலந்திகளும் மற்றவையும் அதை அடக்கியே வைத்திருந்தன.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்லையாவும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஹெய்ன்ரிக்ஸும் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், டெல்டாமெத்ரின், மெத்தில் பாரத்தியான் போன்ற சில மருந்துகள் கொல்லாத அளவில் பட்டால் புகையான் முன்னைவிட அதிகமாகச் சாறு உறிஞ்சுகிறது, அதிகமாக முட்டையிடுகிறது என்று தெரிந்தது. யூரியாவை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான், தழைச்சத்து ஏறிய பயிரின் சாறு அதற்கு நல்ல ஊட்டம். அப்பா அந்த வருடம் யூரியாவும் தாராளமாகப் போட்டிருந்தார். எதிரியைக் கொன்று, சாப்பாட்டையும் ஊட்டமாக்கி, கர்ப்பத்துக்கு டானிக்கும் கொடுத்திருக்கிறோம். இதையெல்லாம் அவருக்கு அன்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இப்போது என்னை மிகவும் வியக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். நட்டு இரண்டு வாரத்தில் வயலில் புகையான் ஏது? இலைச்சுருட்டுப் புழு ஏது? ஒன்றிரண்டு இருக்கலாம். அப்படியானால் அந்தச் சமயத்தில் சிலந்தி எதைத் தின்று உயிர் வாழ்கிறது? பூச்சி வந்த பிறகுதான் அதைத் தின்கிற ஆள் பெருகும் என்றால் ஆள் எப்போதுமே தாமதமாகத்தான் வந்து சேர்வார், பயிர் அதற்குள் போயிருக்கும். ஜாவாவில் வில்லியம் செட்டிலும் அவருடைய குழுவினரும் வயல் வயலாக எண்ணி 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. தண்ணீர் கட்டிய வயலில் முந்தைய பயிரின் தாள், வேர், சாணம், தழை எல்லாம் மட்குகிறது. அதில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, தண்ணீரில் மிதவை உயிர்கள் பெருகுகின்றன. இவற்றைத் தின்று, கொசுபோலவே இருந்தாலும் கடிக்காத சிறு ஈக்கள், கொசுப்புழுக்கள், மண்ணில் துள்ளித் திரியும் கடுகளவுப் பூச்சிகள் எல்லாம் நட்ட சில வாரங்களிலேயே கூட்டமாக வளர்ந்துவிடுகின்றன. நெல்லுக்கு இவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் சிலந்திக்கு இவைதான் முதல் சாப்பாடு. இந்த ஈக்களைத் தின்று கொழுத்து, குட்டி போட்டு, வயல் முழுக்கப் பரவி நின்ற பிறகுதான் புகையான் பறந்து வந்து இறங்குகிறது. வருகிற விருந்தாளிக்கு முன்னாலேயே பந்தியில் ஆள் உட்கார்ந்தாயிற்று. அவர்கள் சில பாத்திகளில் மட்கும் பொருளைக் கூட்டிப் பார்த்தார்கள், அந்த ஈக்கள் கூடின, அவற்றைத் தொடர்ந்து வேட்டைப் பூச்சிகளும் கூடின.

சேற்றில் கிடக்கும் தழைக்கும் மூன்று மாதம் கழித்துக் கதிரைக் காப்பாற்றுகிற சிலந்திக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? கொளுஞ்சியும் தக்கைப்பூண்டும் மிதித்து உழுவதை உரத்துக்காக என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். பள்ளியில் வரைகிற உணவுச் சங்கிலியில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று ஒரே கோடாகப் போட்டுவிடுவார்கள், அதில் செத்ததும் மட்கியதும் ஓர் ஓரத்தில் ‘சிதைப்பவை’ என்று ஒதுங்கி நிற்கும். நெல் வயலைப் பார்த்தால் ஓரத்தில் நிற்கும் அந்த வழியாகத்தான் முதல் ஒரு மாதத்துக்குச் சாப்பாடே வருகிறது. நட்ட இருபதாம் நாள் மருந்து அடிப்பது சரியாக அந்தப் பந்தியின் நடுவில் போய் விழுகிறது. அத்தனைக்கும் அந்த வயதில் நெல்லுக்கு இலை கொஞ்சம் கடிபட்டால் பெரிய நட்டமில்லை, புதுத் தூர் வெடித்து அதை ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 1990-களில், முதல் 40 நாள் பூச்சிமருந்தே வேண்டாம், நீங்களே ஒரு துண்டு நிலத்தில் அடிக்காமல் விட்டுப் பாருங்கள் என்று ஹியோங் போன்ற ஆய்வாளர்கள் விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டார்கள். விட்டுப் பார்த்தவர்கள் விளைச்சலில் குறைவு காணவில்லை, மருந்து அடிப்பது அந்தப் பகுதியில் நன்றாகவே குறைந்தது.

இந்த ‘அடித்தால் கூடும்’ என்பது நெல்லுக்கு மட்டும் உரிய விநோதம் இல்லை. முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. போர் முடிந்து இத்தாலியச் சந்தைகளுக்கு வந்த மீன் கணக்கைப் பார்த்த உம்பெர்த்தோ தன்கோனா என்ற உயிரியலாளருக்கு ஒரு சந்தேகம். மீன்பிடிக்காத வருடங்களில் எல்லா மீனும் சமமாகத்தானே கூடியிருக்க வேண்டும், சுறாவும் திருக்கையும் மட்டும் ஏன் அதிகப் பங்கு பிடித்திருக்கின்றன? தன் வருங்கால மாமனாரும் கணித மேதையுமான வீத்தோ வொல்டெர்ராவிடம் கேட்டார். 1926-இல் வொல்டெர்ரா கொடுத்த சமன்பாடுகள் (ஆல்பிரட் லோட்காவும் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்) சொன்னது இது: இரையையும் வேட்டையாடியையும் சேர்த்து ஒரே வீதத்தில் வெளியிலிருந்து கொன்றால், சராசரியில் இரை கூடும், வேட்டையாடி குறையும். இரைக்கு எதிரி குறைகிறது, வேட்டையாடியோ தானும் சாகிறது. மீன்பிடிப்பு நின்றால் இது தலைகீழாகும், அதுதான் போர்க்காலத்தில் சுறா கூடிய கதை. வலைக்குப் பதில் பூச்சிமருந்து என்று வைத்துப் பாருங்கள், எங்கள் வயல் அந்தச் சமன்பாட்டுக்குள் அப்படியே பொருந்துகிறது. மருந்து இரண்டு பக்கத்தையும் சமமாகக் கொன்றாலே இந்த நிலை என்றால், எதிரிகளை அதிகமாகக் கொல்லும்போது கேட்கவே வேண்டாம்.

ஒரு நாடே இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. இந்தோனேசியா 1970-களில் புது நெல் ரகம், யூரியா, பூச்சிமருந்து மூன்றையும் சேர்த்து விவசாயிக்குக் கொடுத்தது, மருந்தின் விலையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை அரசே ஏற்றுக்கொண்டது. புகையான் கிளம்பியது. அதைத் தாங்கும் ரகம் என்று ஐ.ஆர். 26 வந்தது, இரண்டு மூன்று வருடத்தில் புகையான் அதையும் சாப்பிடப் பழகிக்கொண்டது. அடுத்து ஐ.ஆர். 36. 1984-இல் நாடு அரிசியில் தன்னிறைவு என்று பெருமைப்பட்டது, 1986-க்குள் ஜாவாவில் மறுபடியும் வயல்கள் கருகத் தொடங்கின. ஆய்வாளர்கள் சொன்னதை அப்போது அரசு கேட்டது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோவின் ஆணை வந்தது, நெல்லில் 57 மருந்துகளுக்குத் தடை. 1989-க்குள் மானியமும் முழுக்க நின்றது. விவசாயிகளை வயலுக்கே கூட்டிப்போய், தூரை விரித்துச் சிலந்தியையும் புகையானையும் எண்ணச் சொல்லிக்கொடுக்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. விளைச்சல் விழவில்லை, கூடிக்கொண்டுதான் போனது. நம் பக்கத்தில் கேரளத்துக் குட்டநாடு 1973-74-இலேயே புகையானால் பெரிய அடி வாங்கியது, ஆனால் அந்த மாதிரித் தீர்மானமான முடிவு எதுவும் இங்கே வரவில்லை.

எதிரி முழுதாகவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொங்குப் பக்கத்து விவசாயிகள் கண்ணால் பார்த்தார்கள். 2008-இல் கோயம்புத்தூரில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. அங்கே அதைத் தின்கிற குளவிகள் உண்டு, அதனால் அங்கே அது பெரிய பேச்சே இல்லை. இங்கே அது தனியாக வந்து சேர்ந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு, பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரியையே பிடுங்கிப் போட்டார்கள். எத்தனை மருந்து அடித்தும் நிற்கவில்லை, மேலே இருக்கும் மாவே அதற்குக் கவசம். 2010-இல் புவேர்த்தோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் அசிரோபேகஸ் என்பது நன்றாகப் பிடித்துக்கொண்டது, சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. இன்றும் அது முழுக்க அழியவில்லை, அழியவும் அழியாது, அழிந்தால் குளவிக்கும் சாப்பாடு கிடையாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துகொண்டே இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

பூச்சியைத் தின்கிற எதிரியை நாமே பிடித்து அனுப்பியதற்கு வெட்ட வெளிச்சமான உதாரணம் தவளை. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் தவளைக்கால் வெளிநாட்டுக்குப் போனது, வயலிலும் குட்டையிலும் பிடித்ததுதான். 1987-இல் தான் ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

இவ்வளவு சொன்னதால், எதையும் செய்யாமல் விட்டால் இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெல் வயல் காடு இல்லை. வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ உழுது, தண்ணீர் கட்டி, அறுத்து, காயப்போட்டு மொத்தத்தையும் புரட்டிப் போடுகிறோம், ஒவ்வொரு பட்டத்திலும் அங்கே எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் குளிர்காலத்தில் புகையான் உயிரோடே இருக்காது, ஒவ்வொரு கோடை மழையிலும் சீனா, வியட்நாம் பக்கத்திலிருந்து காற்றில் கடல் தாண்டி வந்து இறங்குகிறது. ஒரே நாளில் பெருங்கூட்டமாக இறங்கும் பூச்சியை அங்கிருக்கும் சிலந்தி எப்போதும் சமாளித்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மருந்தே அடிக்காத வயலிலும் சில வருடம் புகையான் வரும். அப்போது எண்ணிப் பார்த்து, தேவையென்றால் அடிக்கத்தான் வேண்டும்.

எண்ணுவது எப்படி என்பதில்தான் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுக்கும் பொருளாதாரச் சேத நிலைக் கணக்கில், வயலில் சிலந்தி இல்லையென்றால் தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் வந்தாலே நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார்கள். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். குத்து என்றால் நட்ட முழு முடி, அதில் இருபது தூர்கூட இருக்கும். ஒரே ஒரு சிலந்தி அத்தனை தூருக்கும் நம் பொறுமையை இரட்டிப்பாக்குகிறது. அரசுப் பரிந்துரையிலேயே சிலந்திக்கு இப்படி ஓர் இடம் இருக்கிறது, ஆனால் மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது யாரும் அதைச் சொல்வதில்லை, ‘எத்தனை ஏக்கர்?’ என்றுதான் கேட்கிறார்கள்.

நாங்கள் இப்போது செய்வது ரொம்பச் சாதாரணம். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுகிறோம். எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுகிறோம், வெயிலும் காற்றும் அடித்தூர் வரை போகட்டும் என்று. தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுகிறோம். வரப்பில் உளுந்து. முதல் நாற்பது நாள் மருந்துப் பம்பு திண்ணையில்தான் இருக்கும். அதன் பிறகு வாரம் ஒரு முறை, பனி காயும் முன் காலையில், குறுக்காக நடந்து பத்துக் குத்தை விரித்துப் பார்க்கிறோம். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான் எண்ணிச் சொல்ல அவர் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். புகையான் எத்தனை என்று அவர் முதலில் கேட்பதில்லை. சிலந்தி எத்தனை என்றுதான் கேட்கிறார்.

அறுவடை முடிந்ததும் அந்தச் சிலந்திகள் வரப்புக்கு ஏறிவிடும். அடுத்த நடவு வரைக்கும் புல்லுக்குள்தான் அவற்றின் குடித்தனம். வரப்பைச் செதுக்கித் துப்புரவாக வைத்திருப்பதுதான் நல்ல விவசாயிக்கு அழகு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், இப்போது அதற்குக் களைக்கொல்லியும் அடிக்கிறார்கள். எங்கள் வரப்பில் கணுக்கால் உயரத்துக்குப் புல் விட்டிருக்கிறோம்.